கலைக்கு அரச பணம்: கொழும்புத் தமிழ்க் குழுக்கள் யாரிடம், எப்போது கேட்பது?

கொழும்பில் தமிழ் நாடகமோ கூத்தோ மேடையேற்றுகிறவர்கள் மண்டப வாடகைக்கு வர்த்தகர்களிடம் மலர் விளம்பரம் கேட்டே பழகிவிட்டோம். அரசிடம் கேட்பது குறைவு. கேட்டாலும், விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அமைச்சருக்கு ஒரு கடிதம் போகும். அதற்குள் அந்த ஆண்டுப் பணம் பங்கிடப்பட்டிருக்கும்.

இலங்கையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வரும். 2026க்கானது 2025 நவம்பர் 7இல் வந்தது. திணைக்களங்கள் தங்கள் மதிப்பீடுகளை அதற்குப் பல வாரங்கள் முன்பே திறைசேரிக்கு அனுப்பிவிடும். ஆகவே உங்கள் கோரிக்கை ஜூன், ஜூலையில் திணைக்களத்தின் மேசையில் இருக்க வேண்டும்.

எந்தத் திணைக்களம்? ஒவ்வொரு திணைக்களத்துக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று காட்டும் அரசின் மதிப்பீட்டு நூலில் இரண்டு செலவினத் தலைப்புகளை, அவற்றின் இலக்கங்களோடு, பாருங்கள்: கலாசார அலுவல்கள் திணைக்களம் (206), இந்துசமய கலாசார அலுவல்கள் திணைக்களம் (204). தமிழர் என்றவுடன் 204க்கு அனுப்பிவிடுவது அலுவலர், கலைஞர் என இரு பக்கத்திலும் ஊறிப்போன பழக்கம். அது சரியல்ல. 206 எல்லா மொழிக் கலைஞருக்கும் உரியது. கிறிஸ்தவப் பாடல்மரபில் வந்த கூத்தையோ மலையக மக்களின் காமன் கூத்தையோ நவீன நாடகத்தையோ சமயத் திணைக்களத்துக்குள் அடக்கவும் முடியாது. மொத்தத் தொகையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். சம்பளமும் பராமரிப்பும், மீண்டெழும் செலவினம் (ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு) என்ற பெயரில், அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

எந்த மொழிக் குழுவுக்கு எவ்வளவு போனது என்பதை மதிப்பீட்டு நூல் சொல்லாது. அதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: “கடந்த மூன்று ஆண்டுகளில் நாடகக் குழுக்களுக்கு வழங்கிய நிதியுதவி எவ்வளவு? அதில் தமிழ்மொழித் தயாரிப்புகள் எத்தனை? தெரிவு செய்த குழுவில் தமிழ் அறிந்தவர்கள் எத்தனை பேர்?” காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. பதிவு செய்யாத மன்றமும் கேட்கலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது குடிமக்களாக இருந்தால் போதும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தால், மேன்முறையீட்டைக் கேட்க அங்கே நியமிக்கப்பட்டிருக்கும் ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம்’ 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

கடிதம் தமிழிலேயே போகட்டும். நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பிரதேசத்திலும் அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

கலைக்குப் பணம் தா என்று வழக்குப் போட முடியுமா? நேரடியாக முடியாது. மக்களின் பண்பாடுகளையும் மொழிகளையும் வளர்க்க அரசு உதவ வேண்டும் என்று அரசியலமைப்பின் 27(10)ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அது இடம்பெறும் அத்தியாயத்தை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. எனவே மக்கள் சேர்ந்து அழுத்தம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இது புதுப் பேச்சுமல்ல. 1952இல் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில், கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரை ஒன்றுகூட்டியது. மட்டக்களப்பு, மன்னார் கூத்துகள் நூலுருப் பெற்றன. பொதுப்பணமும் தக்கவர்களும் சேர்ந்ததால் நடந்த வேலை அது.

திணைக்களத்தோடு நிற்காதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் குழுக்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலும், கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்கள் கொழும்புப் பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தரைப் பார்த்துப் பேசலாம். மேல் மாகாண சபையில் 2019 முதல் தெரிவான உறுப்பினர்கள் இல்லை. அங்கே ஆளுநருக்கோ பிரதம செயலாளருக்கோதான் எழுத வேண்டும். மாநகர சபைக்குத் தனி வரவுசெலவுத் திட்டம் உண்டு. அங்கே ரொக்க உதவியைவிட, சபைக்குச் சொந்தமான மண்டபங்களின் கட்டணத்தைக் குறைக்கக் கேட்பதே நல்லது என்பது என் எண்ணம். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் அதைப் பேசுவது எளிது.

ஒரு மன்றம் தனியே எழுதுவதைவிடப் பத்து மன்றங்கள் ஒரே பக்கத்தில் கையொப்பமிடுவது வலுவானது. கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், தொகையோடு இருக்கட்டும். “கலையை ஆதரியுங்கள்” என்று எழுதினால் அலுவலரால் எந்த ஏட்டிலும் அதைப் பதிய முடியாது.

நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வந்தபின் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியே எடுக்கப்படும். அந்தத் திகதிக்கு முன் கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம், எந்தக் கட்சி என்று பாராமல், உங்கள் தகவல் விண்ணப்பத்துக்குக் கிடைத்த எண்களை அரைப்பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். அவர்கள் கேட்பதும் அமைச்சர் சொல்லும் பதிலும் பாராளுமன்ற உரைப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும். அந்தப் பதிலைத் திகதியோடு எடுத்து அடுத்த ஆண்டுக் கடிதத்தில் எழுதுங்கள்.