உச்சியில் நிற்கும் செயற்கைக்கோளும் ஓடும் லாரியும்

நாமக்கல்லின் டேங்கர் லாரிகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் போகின்றன. செல்பேசிக் கோபுரங்கள் அங்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் காட்டுக்குள் நுழைந்தாலே பல இடங்களில் சிக்னல் அறுந்துவிடுகிறது. ஓடும் வண்டியைச் செயற்கைக்கோளோடு நேராகப் பேசவைத்தால் இந்தக் குறை தீரும். ஆனால் கூரையில் பொருத்தும் ஆன்டெனா அதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது பலர் நினைப்பதைவிடச் சிக்கலானது. அந்தச் சிக்கலின் அளவு, வண்டி உலகின் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது.

வண்டி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் அறிய வேண்டுமானால் சிரமமே இல்லை. ஜிபிஎஸ் கருவிக்குள் இருப்பது பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சதுரப் பீங்கான் சில்லுதான். அது வானம் முழுவதையும் ஒருசேரப் பார்ப்பதால் எதையும் குறிபார்க்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் அலை சுழன்றபடியே வருவதால் வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் வரவேற்பு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் எல்லாத் திசைகளையும் பார்க்கும் ஆன்டெனா எந்தத் திசையிலும் வலுவாகப் பார்ப்பதில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஓரிடத்தில் நிற்பதுபோல் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஒளிப்படமோ காணொளி அழைப்போ அனுப்ப வேண்டுமானால், உள்ள ஆற்றலை ஒரே திசையில் குவித்தாக வேண்டும்.

14 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 60 சென்டிமீட்டர் டிஷ் உருவாக்கும் கற்றையின், அதாவது குவிந்து செல்லும் அலையின், அகலம் ஏறத்தாழ இரண்டரை பாகை. குறி ஒரு பாகை தவறினாலே மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகிவிடும். வாங்கும்போது நேரும் இழப்பு நம்மோடு போகும், அனுப்பும்போது அப்படியல்ல. ஒரே வட்டப்பாதையில் இரண்டு மூன்று பாகை இடைவெளியில் அடுத்த செயற்கைக்கோள் நிற்பதால், குறி தவறிய அலை அதன் காதில் இரைச்சலாக விழுகிறது. ஆகவேதான் அமெரிக்க விதிமுறை ஒன்று, வண்டியின் ஆன்டெனா 0.2 பாகைக்குள் குறியை நிறுத்த வேண்டும் என்றும், பிழை 0.5 பாகையைத் தாண்டினால் 100 மில்லிவினாடிக்குள் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்றும் வரையறுத்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும் பேருந்தை நினைத்துப் பார்த்தால் இந்த நிபந்தனையின் கடுமை விளங்கும்.

வண்டியின் ஆட்டத்தை உடனுக்குடன் அறிய, சுழற்சியை அளக்கும் கைரோ உணரிகள் பயன்படுகின்றன. அவற்றின் அளவீடு சிறிது சிறிதாகப் பிசகிப்போவதால், ஆன்டெனா தன் கற்றையை மிக நுண்ணிய அளவில் அசைத்து, எந்தப் பக்கம் சிக்னல் கூடுகிறது என்று பார்த்து அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்கும். திசையறியக் காந்த ஊசியை நம்ப முடியாது. லாரியின் இரும்பு உடல் அதைக் குழப்பிவிடும். கூரையில் இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனாக்களை இடைவெளிவிட்டு வைத்து, அவற்றுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாட்டிலிருந்து திசையைக் கணக்கிடுவது மேலான வழி.

இனி நம் ஊரின் கணக்குக்கு வருவோம். கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகை, இந்தியச் செயற்கைக்கோள்கள் சில நிற்கும் இடம். 2015 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஜிசாட்-6 அவற்றுள் ஒன்று. (தரையில் சிறிய ஆன்டெனா போதும் என்பதற்காகவே அதற்கு 6 மீட்டர் விட்டமுள்ள, விண்ணில் விரியும் ஆன்டெனா பொருத்தப்பட்டது.) 11 பாகை வடக்கில் இருக்கும் கோவையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தொடுவானத்துக்கு மேல் சுமார் 75 பாகை உயரத்தில், தெற்கிலிருந்து சற்றே கிழக்கு தள்ளி, ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது. லண்டனில் ஓடும் வண்டிக்கோ நேர்தெற்கில் உள்ள செயற்கைக்கோள்கூட 31 பாகை உயரத்தில்தான் தெரியும். தெருவோரக் கட்டடமே அதை மறைத்துவிடக்கூடும்.

இந்த உயரம் மோட்டாரில் சுழலும் டிஷ்ஷுக்கு நன்மை செய்வதில்லை. பக்கவாட்டில் சுழல ஓர் அச்சு, மேலும் கீழும் அசைய ஓர் அச்சு என இரண்டே அச்சுகள் கொண்ட அமைப்பில், இலக்கு உச்சியை நெருங்க நெருங்க, வண்டியின் சிறு ஆட்டத்துக்கும் பக்கவாட்டு மோட்டார் மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். மலைப்பாதையில் வண்டி பத்துப் பாகை சாய்ந்து, இலக்கு அதன் கூரைக்கு 85 பாகையில் வந்துவிட்டால், மோட்டாரின் வேகம் ஆட்டத்தின் வேகத்தைப் போல் 11 மடங்கு ஆகவேண்டும். 89 பாகையில் 57 மடங்கு. மூன்றாவதாக ஓர் அச்சைச் சேர்த்துத்தான் இதிலிருந்து தப்பிக்க முடியும். அப்போது விலையும் எடையும் கூடும்.

அசையும் பாகமே இல்லாத தட்டை ஆன்டெனாவுக்கு இதே உயரம் வரமாகிவிடுகிறது. அரை மீட்டர் சதுரப் பலகையில், அரை அலைநீளம், அதாவது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய இடைவெளியில், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றான்டெனாக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அலையும் பக்கத்தில் உள்ளதைவிடக் கால் சுற்று பிந்திப் புறப்படுமாறு செய்தால், எல்லா அலைகளும் 30 பாகை சாய்ந்த திசையில் ஒன்றுகூடி வலுப்பெறும். பிந்தும் அளவை மாற்றினால் கற்றையும் திரும்பும். பிரவுன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1905-லேயே மூன்று ஆன்டெனாக்களை வைத்து இந்தத் தத்துவத்தைச் செய்துகாட்டினார்.

சாய்ந்து பெய்யும் மழைக்கு, முற்றத்தில் வைத்த அண்டாவின் வாய் குறுகிப்போவதுபோல, கற்றை சாயச் சாயப் பலகையின் பயனுள்ள பரப்பு சுருங்கும். கோவையில் சமதரையில் உச்சியிலிருந்து சாய்வு 15 பாகைதான் என்பதால் 97 விழுக்காடு பரப்பு பயன்படுகிறது. லண்டனில் ஏறத்தாழ பாதி போய்விடும்.

கூரையில் இடம் கிடைப்பது தனிப் பிரச்சினை. கரூரில் பாடி கட்டும் பேருந்தானால் ஏசி பெட்டியை ஒட்டி ஓரிடம் ஒதுக்கச் சொல்லலாம். லாரியில் கேபினின் தலைமேல் உள்ள கேரியர்தான் வாய்ப்பு. அங்கேதான் கயிறும் தார்ப்பாயும் கிடக்கும். நனைந்த தார்ப்பாய் ஒன்று பலகையின் மேல் சரிந்தால் இந்த அதிர்வெண்ணில் சிக்னல் உள்ளே வராது. சித்திரை வெயிலில் மேலிருந்து வெப்பமும், உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும் பெருக்கிகளிலிருந்து கீழ்வெப்பமும் சேரும்போது, பலகை தன்னைக் காத்துக்கொள்ள ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். என் கணிப்பில், நம் பகுதிக்கான வடிவமைப்பில் மழையைவிட வெப்பமே முதல் கவலை.

ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் தாழ்வட்டப்பாதைச் செயற்கைக்கோள்களுக்கு மாறினால் கணக்கே மாறிவிடும். அவை ஓரிடத்தில் நிற்காமல் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடுவதால், பலகை ஒன்றைவிட்டு ஒன்றைத் தொடர்ந்து பிடித்தபடி அகலமான கோணத்தில் கற்றையைத் திருப்ப வேண்டும். அவற்றில் பல, பூமத்திய ரேகைக்கு 53 பாகை சாய்ந்த பாதைகளில் ஓடுகின்றன. அத்தகைய பாதைகள் 53-வது பாகையை ஒட்டிய அட்சரேகைகளில்தான் நெருங்கி அடர்கின்றன. 11-வது பாகையில் விலகிப் பரவுகின்றன. இந்தக் கணக்கில் லண்டன் வண்டியின் தலைக்கு மேல்தான் கூட்டம் அதிகம்.