தீம்: கருப்பொருளா, தொனிப்பொருளா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து டியூசன் வகுப்புகளில் இந்த ஒரு விசயத்துக்கு மூன்று பெயர். ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவர் ‘தீம்’ என்பார். தமிழ் இலக்கிய நயம் எடுக்கிறவர் ‘கருப்பொருள்’ என்பார். வெளியே சந்தியில் கட்டிய பதாகையில் ஏதாவதொரு விழிப்புணர்வு ஊர்வலம் ‘எனும் தொனிப்பொருளில்’ நடக்கும். பிறந்தநாளுக்குப் பிங்க் தீம், போனுக்கு டார்க் தீம் எல்லாம் வேறு கணக்கு.

மூலம் கிரேக்கம். ‘தேமா’ என்றால் வைக்கப்பட்டது; பேச்சுக்கென முன்வைத்த பொருள். (நம் யாப்பில் வரும் தேமாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இன்று இலக்கிய வகுப்பில் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. படைப்பு எதைப் பற்றியது என்பது பாடுபொருள். அதைப் பற்றி என்ன சொல்ல வருகிறது என்பதுதான் தீம்.

மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்த நாட்டார் பாடலையே எடுப்போம். கோப்பிக் கன்று நட்ட மலையைச் சொல்லிவிட்டு, பாட்டு இப்படி முடியும்:

அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

இதன் தீம் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் ‘மலை’ என்பார்கள். மீதிப் பேர் ‘தேயிலைத் தொழிலாளர் துயரம்’ என்பார்கள். மலை பாடுபொருள். தேயிலையோ பாட்டிலேயே இல்லை. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கிய பிறகுதான் தேயிலை மலையெங்கும் பரவியது. பாட்டு சொல்வது இதுதான்: மலையை உருவாக்கியவர்களிடமிருந்தே அந்த மலை ஆட்களைப் பறித்துக்கொண்டது. ‘தீம்’ என்பதை இப்படி முழு வசனமாக எழுதிப் பழகுவது நல்லது.

அதைச் சொல்லும் உத்தி எங்கே? அண்ணன் செத்தான் என்று பாட்டு சொல்லவில்லை, ‘தோத்த’ (இழந்த) என்கிறது. காய்ச்சலா, விபத்தா, காரணமும் இல்லை. ‘அந்தா’ என்று விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. அழுகை என்ற சொல்லே இல்லாமல் இழப்பு தொனிக்கிறது. ‘சோகச் சுவை நிறைந்துள்ளது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இதில் ஒன்றும் விடையில் வராது.

இனி ‘கருப்பொருள்’. தொல்காப்பியத்தில் கரு என்பது அந்தந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை. அந்தக் கணக்கில் இந்தப் பாட்டில் கோப்பிதான் கருப்பொருள்! தீமுக்குக் கிட்டத்தில் நிற்பது உரிப்பொருள். ஆனால் அது புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று அகத்திணைக்கு, அதாவது காதல் பாடல்களுக்கு, வகுத்த ஐந்து. எல்லாப் படைப்பையும் அதற்குள் அடைக்க முடியாது.

‘தொனி’ வடமொழி ‘த்வனி’. சொல்லாமல் உணர்த்தும் பொருள் என்று அணியிலக்கணக்காரர்கள் வளர்த்தெடுத்த கருத்து. கவிதைக்கு அழகாகப் பொருந்தும். பேச்சுக்குக் கொஞ்சம் இடிக்கும், ஏனென்றால் நல்ல பேச்சாளர் தன் ‘தீம்’ என்ன என்பதை வெளிப்படையாகவே போட்டு உடைப்பார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா கொடுத்தது பணமில்லாத காசோலை என்றார். காசோலை உருவகம், அதாவது உத்தி. வாக்களித்த உரிமையை நாடு கொடுக்கவில்லை என்பது தீம். இதில் ஒளித்துவைத்த தொனி எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால் கவிதை, கதை, பேச்சு மூன்றுக்கும் ‘உட்பொருள்’ போதும். தமிழ்ச் சொல், குழப்பமும் இல்லை. தொனிப்பொருள் பதாகையில் இருந்துவிட்டுப் போகட்டும். கருப்பொருளை மட்டும் பார்த்துப் புழங்க வேண்டும். வினாத்தாளில் அது தனியாக வந்தால் பெரும்பாலும் ‘தீம்’ என்பதைத்தான் கேட்கிறார்கள். ‘முதல், கரு, உரி’ என்று (முதல் என்றால் நிலமும் பொழுதும்) கூட்டாக வந்தால் கருவுக்கு மரத்தையும் பறவையையும் எழுதுங்கள். அங்கே தீம் எழுதினால் புள்ளி போய்விடும்.