புல்லியிங்கில் பகடி எங்கே இருக்கிறது?

ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கான ஒரு கையேட்டைத் திருத்தித் தரச் சொல்லிப் போன வாரம் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே 'பகடிவதை'. நான்கு பக்கம் தள்ளி அதுவே 'கேலி கிண்டல்' ஆகிவிட்டது. புல்லியிங் (bullying) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இரண்டுமே தவறு. இந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் அந்தத் தவறு ஆபத்தானதும்கூட.

சொல்லின் கதை சின்னது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் புல்லி என்றால் அன்புக்குரியவர். டச்சு மொழியில் காதலரைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் எளியவரை மிரட்டுகிறவன் என்று பொருள் மாறிவிட்டது. 1970களில் டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடையே நடப்பதை ஆராய்ந்தார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருப்பவருக்குச் செய்வது என்ற மூன்றும் சேர்ந்ததே புல்லியிங் என்பது அவர் வழியாக நிலைத்த வரையறை.

இந்த மூன்றில் எதிலாவது பகடி இருக்கிறதா? பகடி என்றால் பரிகாசம், வேடிக்கைப் பேச்சு. ரேகிங்குக்குப் பகடிவதை என்று சொன்னபோதாவது, விளையாட்டு என்ற பெயரில் வதைக்கிறார்கள் என்று ஒரு நியாயம் இருந்தது. அதை அப்படியே தூக்கி இங்கே வைத்தால், செய்கிறவன் சொல்லும் சாக்கு சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. 'சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தோம்' என்பதுதானே எப்போதும் வரும் பதில். மதிய உணவு மேசையில் தினமும் ஒரு பிள்ளைக்கு மட்டும் இடம் தராமல் இருப்பதிலும், வகுப்புக் குழுவிலிருந்து அவளை மட்டும் நீக்கிவிடுவதிலும் பகடி ஏது? 'வதை வடசொல், அதை மாற்றினால் போதும்' என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். வதை இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு முன்னால் நிற்கும் தமிழ்ச் சொல்தான் எனக்குப் பிரச்சினை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா தன் மகனிடம் தினமும் 'உன்னை யாராவது கிண்டல் பண்ணினாங்களா?' என்று கேட்டிருக்கிறார். தினமும் 'இல்லை' என்றே பதில். அவன் பொய் சொல்லவில்லை. அவனை யாரும் கிண்டல் செய்யவில்லை, பையை ஒளித்து வைத்தார்கள், காதருகே கத்தினார்கள், அவ்வளவுதான். சத்தம் தாங்காமல் அவன் மேசையைத் தள்ளிவிட்ட அன்று தண்டனை அவனுக்குத்தான் கிடைத்தது. பையை ஒளித்து, காதருகே கத்தியவர்களை அவன் நண்பர்கள் என்று நம்பியிருந்தான், கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் அவர்கள் மட்டும்தானே.

இப்படிப்பட்ட பிள்ளைகள் அபூர்வமல்ல. 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ள பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 44 விழுக்காட்டினர் புல்லியிங்குக்கு ஆளானது தெரிந்தது. பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று அது வளர்கிறது. சிலர் தங்கள் இயல்பை நாள் முழுக்க மறைத்து நடிக்கப் பழகி, வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. அம்மாவோ அப்பாவோ வேலையை விடுகிறார், பள்ளியை மாற்றுகிறார்கள், அண்ணனும் தங்கையும் ஓரமாகிவிடுகிறார்கள். 'இதெல்லாம் ஆட்டிசத்தால்' என்று வேறு யாராவது சொல்லிவிட்டால் தேடுவதும் நின்றுபோகிறது.

அப்படியானால் எந்தச் சொல்? 'வலியார்முன் தன்னை நினைக்கதான் தன்னின் மெலியார்மேல் செல்லு மிடத்து' (உன்னைவிட எளியவர்மேல் பாயும்போது, உன்னைவிட வலியவர் முன் நீ நிற்பதை நினைத்துப் பார்) என்ற குறளை வைத்து 'மெலியார்வதை' என்று சொல்லலாமா என நானே யோசித்தேன். வலிமை ஏற்றத்தாழ்வு அதில் அழகாக வருகிறது. ஆனால் மெலியார் என்ற பெயர் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதனால் விட்டுவிட்டேன். ஏற்கெனவே ஆட்டிசத்தை 'மதியிறுக்கம்' ஆக்கி மதியில் ஏதோ கோளாறு என்று நினைக்க வைத்திருக்கிறோம். ஆட்டிசம் என்பதன் கிரேக்க மூலத்தில் இருப்பதோ 'தான்' என்ற சொல். மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பிரித்துப் பொருத்துகிற மும்முரத்தில், அதைக் கேட்டு வாழப்போகிறவரை மறந்துவிடுகிறார்கள்.

'தொடர் துன்புறுத்தல்' என்பதே என் தேர்வு. புதுச்சொல் இல்லை, அழகும் இல்லை. யார் வலியவர் என்பதை அது சொல்லாது, அதற்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். ஆனால் கேட்டதும் புரியும், சிரிப்புக்கு அதில் இடமில்லை. கையேட்டில் எல்லா இடத்திலும் அப்படியே மாற்றிவிட்டேன். அப்புறம், 'யாராவது கிண்டல் செய்தார்களா?' என்று பெற்றோர் கேட்பதற்காகக் கொடுத்திருந்த கேள்வியை எடுத்துவிட்டு, 'இன்று உன் பொருளை யாராவது எடுத்தார்களா? சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? உனக்குப் பிடிக்காததை யாராவது திரும்பத் திரும்பச் செய்தார்களா?' என்று எழுதி அனுப்பினேன்.