நாடா இல்லாத கேசட்

என் மேசைமேல் ஒரு கேசட் பிரிந்து கிடக்கிறது. ஐந்து சின்னத் திருகாணிகளைக் கழற்றியதும் மேல்மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே பழுப்பு நாடாவைக் காணோம். இரண்டு சக்கரங்கள், அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் நாலைந்து பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், விளிம்பை ஒட்டிச் சுண்டுவிரல் நகத்தளவு பளபளக்கும் ஓர் உலோகக் கட்டி, அதன் முதுகிலிருந்து மூலை வழியாக வெளியேறும் மெல்லிய கம்பி. கம்பியின் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் பிளக். எங்கள் பழைய காரில் என் எம்.பி.3 பிளேயரின் பாட்டைப் பல ஆண்டுகள் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கேசட் அடாப்டர்தான். கார் போய்விட்டது, இதை மட்டும் விட மனம் வரவில்லை.

கம்பெனியிலிருந்து காரோடு வரும் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவது பல கார்களில் எளிதன்று. டேஷ்போர்டின் வளைவுக்கு ஏற்றபடி அதன் முகம் வார்க்கப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள் அதனுடன் மட்டுமே பேசும். ஐபாட் வெளிவந்த 2001ஆம் ஆண்டு வாக்கில் ஓடிக்கொண்டிருந்த கார்களில் பெரும்பாலானவற்றின் முகப்பில் வெளியிலிருந்து ஒலியைக் கொடுக்க ஒரு துளைகூடக் கிடையாது. வானொலி கேட்கலாம், கேசட் போடலாம், சிலவற்றில் சி.டி. போடலாம். உள்ளே நுழைய வேண்டுமானால் இருக்கும் வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

கேசட் வாசல் எப்படித் திறக்கிறது என்பதை அறிய, முதலில் ஸ்டீரியோவில் கேசட்டை ஓட்டும் பகுதியான டெக்கின் ஹெட் எனப்படும் காந்தத் தலையைப் பார்க்க வேண்டும். அது கம்பி சுற்றிய ஒரு குட்டிக் காந்த வளையம். வளையத்தின் முன்பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும். அதன் அகலம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நாடாவில் பதிந்திருக்கும் நுண்ணிய காந்தத் துகள்கள் இந்தப் பிளவைக் கடக்கும்போது வளையத்துக்குள் காந்தப்பாயம், அதாவது அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவு, ஏறி இறங்குகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே 1831இல் கண்ட விதி. அந்த அழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. அதைப் பல நூறு மடங்கு பெருக்கித்தான் ஸ்டீரியோ நமக்குப் பாட்டாகத் தருகிறது.

இந்த வரிசையில் நாடாவின் பங்கு என்ன? பிளவின் வாயில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தைக் கொடுப்பது, அவ்வளவுதான். அந்தப் புலம் எங்கிருந்து வந்தது என்று ஹெட் விசாரிப்பதில்லை. அடாப்டரின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் உலோகக் கட்டியும் ஒரு காந்தத் தலையே. கேசட்டைத் தள்ளியதும் டெக்கின் ஹெட்டும் இதுவும் முகத்தோடு முகம் வைத்து நிற்கின்றன. பிளேயரின் மின்னோட்டம் அடாப்டர் தலையின் சுருளில் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் டெக்கின் ஹெட்டில் உள்ள பிளவுக்குள் கசிகிறது. அங்கே அதே பாட்டு மறுபடி மின்னழுத்தமாகிறது. இடது ஒலிக்கு ஒரு சுருள், வலது ஒலிக்கு ஒரு சுருள்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகம் செய்தபோது அதற்கு வகுத்த வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு கூரிய ஒலியை, தாளத்தின் சிணுங்கலை, நாடாவில் எழுத வேண்டுமானால் அந்த 4.76 சென்டிமீட்டருக்குள் பத்தாயிரம் அலைகளை அடுக்க வேண்டும். ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 4.76 மைக்ரான்! ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அந்த ஒலி மங்கிவிடும். அடாப்டரில் ஓடும் நாடா இல்லை, ஆகவே அடுக்க வேண்டிய அலையும் இல்லை. நாடாவின் இரைச்சல் இல்லை. மோட்டார் தள்ளாடினால் பாட்டும் தள்ளாடும் தொல்லையும் இல்லை. நல்ல அடாப்டர் வழியே கேட்ட பாட்டு, அதே டெக்கில் ஓடிய பழைய கேசட்டைவிடத் தெளிவாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் பற்சக்கரங்கள் எதற்கு? அவை டெக்கை ஏமாற்ற. பல டெக்குகள் இரண்டு சக்கரங்களும் சுழல்கின்றனவா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். ஒன்று நின்றால் நாடா தீர்ந்தது என்று முடிவுசெய்து மறுபக்கத்துக்குத் தாவும், அல்லது கேசட்டை வெளியே தள்ளிவிடும். உண்மையான கேசட்டில் ஒரு சக்கரத்தின் சுழற்சியை மற்றதற்குக் கடத்துவது நாடா. இங்கே அந்த வேலையைப் பற்சக்கரங்கள் செய்கின்றன. பாட்டின் ஒலி தாழும் இடங்களில் டேஷ்போர்டுக்குள் கேட்கும் கரகர ஒலி இவற்றிலிருந்து வருவதே. என் அடாப்டர் ஒரு கோடையில் நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால், ஒரு பற்சக்கரத்தின் இடுக்கில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. துடைத்து ஒரு துளி சிலிக்கான் கிரீஸ் வைத்தேன். மீண்டும் ஒழுங்காக ஓடியது.

இன்றும் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்வேன். ஸ்டீரியோவில் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். நாடாவின் இரைச்சலை அடக்குவதற்காக, பதியும்போது உயர்த்திய மெல்லிய கூரொலிகளைக் கேட்கும்போது தாழ்த்துவது அதன் வேலை. உயர்த்தப்படாத பாட்டைத் தாழ்த்தினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அடுத்து, பிளேயரின் ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றி வைத்துவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் சரிசெய்யுங்கள். பிளேயரில் குறைத்து வைத்தால் ஸ்டீரியோவின் பெருக்கி தன் சொந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். முழுதாக ஏற்றினால் ஒலி பிசிறடிக்கும்.

மற்ற வாசல்களும் உண்டு. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் காருக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையத்தை நடத்துகிறது. எஃப்.எம். ஏற்பியில் இரண்டு நிலையங்கள் மோதினால் வலுவானது மட்டுமே கேட்கும். நெடுஞ்சாலையில் நன்றாகப் பாடிய டிரான்ஸ்மிட்டர், நிலையங்கள் நெருங்கியிருக்கும் சென்னை போன்ற நகருக்குள் நுழைந்ததும் அமுங்கிப்போவது அதனால்தான். ஸ்டீரியோவின் முதுகில், பல சி.டி.களை மாற்றி மாற்றிப் போடும் பெட்டியான சி.டி. சேஞ்சருக்காக விட்ட இணைப்பு வேறொரு வழி. அங்கே வெறும் ஒலியைக் கொடுத்தால் போதாது. ‘நான் ஒரு சேஞ்சர்’ என்று ஸ்டீரியோவின் மொழியிலேயே சொல்லும் ஒரு சுற்று வேண்டும். 2004இல் ஆப்பிளும் பி.எம்.டபிள்யூ.வும் சேர்ந்து, ஸ்டீயரிங் பொத்தான்களாலேயே ஐபாடை இயக்கும் இணைப்பைக் கொண்டுவந்தன.

பிறகு, வெளியிலிருந்து ஒலியைக் கொடுப்பதற்கென்றே ஆக்ஸ் துளை வந்தது. கம்பியை நேரே செருகினால் போதும். ஆனால் பிளேயரை லைட்டர் துளையில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டால், சில கார்களில் பாட்டின் பின்னால் கீச்சென்று ஓர் ஒலி எழும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய பிறகும் அதில் எஞ்சும் அலைவுதான் அது. எஞ்சின் வேகமெடுக்க அதுவும் வேகமெடுக்கிறது. சார்ஜர் காரின் உடலில் ஓரிடத்திலும் ஸ்டீரியோ வேறிடத்திலும் எர்த் ஆகியிருக்க, ஆக்ஸ் கம்பி அந்த இரண்டையும் இணைத்து ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அலைவு அந்தச் சுற்றின் வழியே பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது.

இதே பிளேயரை இதே சார்ஜரோடு கேசட் அடாப்டரில் மாட்டிக் கேட்ட நாட்களில் அந்தக் கீச்சொலி எனக்குக் கேட்டதில்லை. இரண்டு காந்தத் தலைகளின் சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு ஏதும் இல்லை; பாட்டைக் கடத்துவது காந்தப்புலம் மட்டும். புதிய காரின் கீச்சொலியை நிறுத்தக் கடைக்காரர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்தார். ஆக்ஸ் கம்பிக்கு நடுவே அதைப் பொருத்தினேன், ஒலி நின்றுவிட்டது. ஆவல் தாங்காமல் அதையும் பிரித்தேன். உள்ளே இருந்தவை இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்; இடது ஒலிக்கு ஒன்று, வலது ஒலிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்கள்.