மலையைப் படுக்க வைத்த வரைபடம்

இலங்கை மலையகத்தின் சிறு கடைவீதி நகரமொன்றுக்கான அபிவிருத்தித் திட்ட வரைவைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். நகரத்துக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் வாசகசாலையில் ஒரு மாலை கூட்டம் வைத்து, ஆறடி நீளமான வண்ணத்தாளைச் சுவரில் ஒட்டினோம். சமவுயரக் கோடுகளும் வீதிகளும் நில உபயோக வலயங்களும் அளவு பிசகாமல் இருந்தன. கொழுந்து பறித்து ஓய்வுபெற்று, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் வாழும் அம்மா ஒருவர் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க மலைய படுக்க வச்சிட்டீங்களே, இதுல என் லயத்த நான் எப்புடித் தேடுறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அது எவ்வளவு துல்லியமான விமர்சனம் என்பது எனக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது. தோட்டத்துப் பேச்சில் வடக்கும் தெற்கும் அதிகம் புழங்குவதில்லை. மேலே, பணிய (கீழே), ஏத்தம், இறக்கம், அந்தக் கானு (வடிகால்), இந்தப் பீலி (ஊற்றுநீர் விழும் குழாய்) என்றுதான் இடம் சொல்லப்படுகிறது. தோட்டப் பிரிவுகளே மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றும், லயங்கள் மேட்டு லயம், பணிய லயம் என்றும் வழங்குகின்றன. எங்கள் தாளின் மேற்பக்கமோ வடக்கு. அந்த மலையில் வடக்குப் பக்கம்தான் பள்ளத்தாக்கு. ஆகவே அந்த அம்மா நாள்தோறும் மூச்சிரைக்க ஏறிவரும் வழி, எங்கள் தாளில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்துக்குத் தாள் கொண்டுபோகவில்லை. வாசகசாலையின் சிமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் நீண்ட சாய்கோடொன்றை இழுத்து, அடியில் ஆறு, உச்சியில் கோயில் என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன். அரை மணித்தியாலத்துக்குள் அந்தக் கோட்டின்மேல் கொழுந்து நிறுக்கும் மடுவமும் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவும் பாடசாலையும் இரண்டு பீலிகளும் வந்து உட்கார்ந்துவிட்டன. அவற்றுள் ஒரு பீலி தை பிறந்தால் வற்றிவிடும் என்பதும், மேட்டு லயத்தின் கோடிப்புறத்தில் மழை விட்டுப் பல நாட்களாகியும் மண் கசிந்துகொண்டே இருக்கும் என்பதும் அதே கோட்டில் பதிவாயின. இரண்டுமே எங்கள் ஆறடித் தாளில் இல்லாதவை.

இப்படி வரைவதைத் துறையில் வெட்டுமுகம் என்பார்கள். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மலையுச்சியிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கை வெட்டிக் காட்டுவதுபோல் வரைந்து, எந்த உயரத்தில் எந்தத் தொழில் செய்பவர்கள் வாழ்கிறார்கள் என்று அதில் குறித்தார். ஆய்வு முதலில், திட்டம் பிறகு என்று வற்புறுத்திய அவர், 1915 அளவில் தென்னிந்திய நகரங்கள் சிலவற்றை நேரில் பார்த்து அறிக்கைகள் எழுதியவர்; 1921இல் கொழும்பு நகரத்துக்கும் ஓர் அறிக்கை தந்தவர். அந்தப் படத்தை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தும், அதை வேலையில் எடுத்துப் பயன்படுத்த ஓர் அம்மாவின் கேள்வி தேவைப்பட்டது என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இனவரைவியல் களப்பணி என்று நாங்கள் சொல்வது, ஒரு சமூகத்தின் அன்றாடத்தோடு நாள்கணக்கில் கூடவே இருந்து, அவர்கள் செய்வதையும் சொல்வதையும் தனித்தனியாகக் கவனித்து எழுதும் முறையாகும். வினாக்கொத்தில் "வாரத்தில் எத்தனை தடவை நகரத்துக்குப் போவீர்கள்?" என்று கேட்டால், "ஒருதரம்" என்ற விடை வரும். அந்த ஒருதரத்தில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைக் கூடவே நடந்து போனவர்தான் அறிவார்.

வேறொரு நகரத்தில் நாங்கள் செய்த பிழையை இங்கே சொல்ல வேண்டும். மாத நடுவில் மூன்று வேலைநாட்கள் போக்குவரத்தைக் கணக்கெடுத்து, அதன்படி பஸ் தரிப்பிடத்துக்கு இடம் குறித்துக் கொடுத்தோம். கூரையும் இருக்கையும் வைத்து அழகாகவே கட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அது ஆடுகள் மழைக்கு ஒதுங்கும் இடமாகியிருந்தது. பெண்கள் எல்லோரும் எண்பது யார் தூரம் தள்ளி, ஒரு பலசரக்குக் கடையின் தகரத் தாழ்வாரத்தில் நின்றார்கள்.

அதன்பிறகுதான் எதிரே தேநீர்க் கடை வாங்கில் போய் உட்கார்ந்தேன். நியூயோர்க்கில் நகர ஆய்வாளர் வில்லியம் வைட் 1970களில் பொது முற்றங்களைக் கமெராவால் இடைவெளிவிட்டுப் படமெடுத்து, மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று ஆராய்ந்தார். என்னிடம் கமெரா பொருத்த வசதியில்லாததால், கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று, அடியிலுள்ளது தெரியும் ஊடுதாளில் புள்ளி வைத்தேன். மாத நடுவில் ஒரு செவ்வாய், சந்தை கூடும் ஒரு ஞாயிறு, சம்பளம் விழும் 10ஆம் திகதி என மூன்று நாட்களுக்கு மூன்று தாள்கள். கூடவே இரண்டு அக்காமாரின் அனுமதி பெற்று, அவர்கள் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்கள் முதலில் போனது அந்தப் பலசரக்குக் கடைக்குத்தான். வெறும் பையை அங்கே வைத்துவிட்டு, வங்கி இயந்திரத்தின் வரிசை, அடகுக் கடை, மருந்துக் கடை, பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் கடை என்று சுற்றி, வாங்கிய ஒவ்வொரு பொருளையும் மீண்டும் மீண்டும் அதே கடையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசியில் அங்கேயே மாவும் சீனியும் வாங்கி, கடன் கொப்பியில் போன மாதக் கணக்கைத் தீர்த்து, அடுத்த மாதத்துக்குக் கணக்குத் திறந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கடைதான் பொதிக்களஞ்சியம், அதுதான் கடன் வங்கி, மேலேயிருந்து யார் வந்தார்கள், யாருக்கு வருத்தம் என்று சேதி கேட்கும் இடமும் அதுதான். அதன் தாழ்வாரத்தில் நின்றால் வளைவில் பஸ் திரும்புவது தெரியும். எங்கள் தரிப்பிடத்தின் பின்சுவரோ அந்த வளைவை முற்றாக மறைத்துக்கொண்டிருந்தது. பஸ் வருவது தெரியாத இடத்தில் யார் போய் நிற்பார்கள்?

இதை நான்கு பக்க அறிக்கையாக எழுதிக் கொடுத்தபோது யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மூன்று ஊடுதாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, புள்ளிகள் கடைவாசலில் கறுப்பாகத் திரண்டும் தரிப்பிடத்தில் வெள்ளையாகவும் தெரிந்தன. அத்தோடு பேச்சு முடிந்தது. எங்களில் பலர் படத்தை அறிக்கைக்குக் கடைசியில் பூசும் வர்ணமாகவே நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது முதல்நாளே கையில் எடுக்க வேண்டிய ஆயுதம்.

மலையக நகரங்களுக்கென்றே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் ஒரு தொகை. அந்த நகரத்தால் வாழ்பவர்களும், அந்த நகரத்தை வாழ வைப்பவர்களும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்கு உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை பணம் செலவிட வழி இருக்கவில்லை. செலவிட முடியாத இடத்தை யாரும் சிரமப்பட்டு வரைய மாட்டார்கள். ஆகவே பழைய வரைபடங்களில் தோட்டம் முழுவதும் "தேயிலை" என்ற ஒரே பச்சை. சட்டம் மாறினாலும் அந்தப் பச்சையை அப்படியே பிரதிபண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை வலயம், நீல வலயம் என்று விளக்கத் தொடங்கியதுமே, பின்வரிசையிலிருந்து ஒருவர் "அப்ப இந்தப் பக்கம் எந்தக் கட்சிக்கு?" என்று கேட்டார். தேர்தல் நெருங்கிய காலம். அதற்குப் பிறகு பச்சையையும் நீலத்தையும் சிவப்பையும் தவிர்த்து, கோடு, புள்ளி, கட்டம் என்றே வலயங்களைப் பிரித்துக் காட்டுகிறேன்.

மண்சரிவு அபாய வரைபடங்களில் விளங்காமை உயிரோடு விளையாடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன; அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆபத்து என்று தெரிந்தும் மக்கள் ஏன் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. மாற்று நிலம் எங்கே, அங்கிருந்து மலைக்கு வேலைக்குப் போக எவ்வளவு தூரம், மாட்டை எங்கே கட்டுவது, பிள்ளையின் பாடசாலை என்னாவது என்ற கேள்விகளுக்கு எந்த அபாய வரைபடத்திலும் விடை இருக்காது. அவற்றை இஸ்தோப்பில் (லயத்தின் முன் திண்ணையில்) உட்கார்ந்து கேட்டுத்தான் அறிய முடியும். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற வேண்டும் என்பதையும் எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்பதில்லை. நேரான சுவருள்ள பெரிய பிஸ்கட் டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, அடியிலிருந்து 75, 100, 150 மில்லிமீற்றர் உயரங்களில் உட்பக்கம் கோடு கீறிக் கொடுத்தோம். அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போய் டின்னை எட்டிப் பார்ப்பது சிறுவர்களுக்கு ஒரு பதவியாகிவிட்டது.

படம் தீங்கும் செய்யும். தோட்டத்தில் மரக்கறிப் பாத்தியும் மாட்டுப்பட்டியும் பெரும்பாலும் எழுத்தில் உரிமையில்லாத நிலத்தில்தான் இருக்கின்றன. நான் நல்லெண்ணத்தோடு அவற்றை ஒவ்வொன்றாக அளந்து குறித்தால், அந்தத் தாளே நாளை அகற்றும் பட்டியலாகலாம். ஆகவே எதை வரைவது என்பதோடு எதை வரையாமல் விடுவது என்பதையும் மக்களிடமே கேட்கிறேன். வேண்டாம் என்றால் களக்குறிப்பிலும் எழுதுவதில்லை. புகைப்படம் எடுக்கும்போதும் அப்படித்தான். ஒரு தங்கச்சி என்னிடம், "எங்க லயத்த படம் புடிக்கிற எல்லாரும் அழுக்குத் தண்ணி ஓடுற பக்கத்தத்தான் புடிக்கிறாங்க" என்று சொன்னாள். முன்பக்கத்து இஸ்தோப்பில் அவள் வரிசையாகப் பால்மா டின்களில் வளர்த்த பூச்செடிகள் இருந்தன. அன்று கமெராவை அவளிடமே கொடுத்தேன்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் திருத்தங்களும், அபிவிருத்தித் திட்ட வரைவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்கின்றன. அப்படி வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். தமிழ் விளக்கம் இல்லையென்றால் கேளுங்கள். வரைபடம் விளங்கவில்லையென்றால் வெட்டுமுகம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் நடக்கும் குறுக்குப் பாதை அதில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

அந்த முதல் நகரத்தின் சோக்குக் கோட்டைப் பின்னர் தாளில் வரைந்து, நூலில் கட்டிய பென்சிலோடு இரண்டு வாரம் கடைவீதியில் தொங்கவிட்டோம். நகரத்திலிருந்து தோட்டத்துக்கு ஏறும் படிக்கட்டில், மூன்று இடங்களில், வெவ்வேறு கைகள் சிறு மேசைபோல ஏதோ வரைந்திருந்தன. விசாரித்தால், சுமைதாங்கி. மாவு மூட்டையைத் தலையில் வைத்து ஏறுபவர், துணைக்கு ஆளில்லாமல் அதை இறக்கவும் முடியாது, இறக்கினால் திரும்பத் தூக்கவும் முடியாது. உயரம் எவ்வளவு என்பதில் வாக்குவாதம் வந்தது. நாங்கள் ஐந்தடி போட்டிருந்தோம். மலையைப் படுக்க வைத்ததாகச் சொன்ன அதே அம்மா மூட்டையோடு படியில் வந்து நின்று, "எனக்கு எட்டுற மாதிரி வைங்க, உசரமானவங்க குனிஞ்சுக்கட்டும்" என்றார். அளவுநாடா நான்கடி நான்கு அங்குலம் காட்டியது. வரைவில் அதையே எழுதினோம்.