நியூட்ரோபில் 78, லிம்போசைட் 12

புற்றுநோய் சிகிச்சைக்கு வருபவருக்கு முதலில் எடுக்கும் பரிசோதனைகளில் ஒன்று, ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி. அறிக்கை கைக்கு வந்ததும் ஹீமோகுளோபினையும் பிளேட்லெட்டையும்தான் கண் தேடும். 'டிஃபரன்ஷியல் கவுன்ட்' என்ற தலைப்பின் கீழே உள்ள, வெள்ளணு வகைகளின் சதவீதங்களை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. அங்கே நியூட்ரோபில் 78, லிம்போசைட் 12 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 78-ஐ 12-ஆல் வகுத்தால் 6.5. இந்த நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதத்துக்குச் சுருக்கப் பெயர் என்.எல்.ஆர்.

2014-இல் டெம்பிள்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 100 ஆய்வுகளை, அதாவது 40,000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் தரவுகளை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். விகிதம் அதிகமாக இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 1.8 மடங்கு இருந்தது. அதிகம் என்பதற்கான எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே இருந்தது.

ஒரு வகுத்தல் கணக்குக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது? புற்றுக்கட்டியும் அதைச் சுற்றியுள்ள செல்களும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் கலக்கின்றன. அழற்சி நீடித்தால் எலும்பு மஜ்ஜை நியூட்ரோபில்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். பாக்டீரியாவை எதிர்க்க வேண்டிய இந்த அணுக்கள் கட்டியின் அருகே போனதும் அதற்கே உதவத் தொடங்கிவிடுகின்றன: புது ரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதத்தைச் சுரக்கின்றன, தங்கள் டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசி, ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்கள் வேறு உறுப்பில் ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. புற்றுச் செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடிய லிம்போசைட்டுகளோ குறைந்துபோகின்றன. விகிதம் ஏறுவது இப்படித்தான்.

அதே இன்டர்லூகின்-6 கல்லீரலையும் விடுவதில்லை. கல்லீரல், அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சிஆர்பி புரதத்தைக் கூட்டி, ரத்தத்தில் வழக்கமாக இருக்கும் ஆல்புமின் புரதத்தைக் குறைக்கிறது. புற்றுநோயின் போக்கைக் கணிக்க 2003-இல் வந்த கிளாஸ்கோ மதிப்பெண் இந்த இரண்டையும் வைத்தே போடப்படுகிறது: சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒரு புள்ளி, ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் ஒரு புள்ளி. இரண்டும் சேர்ந்தால் நிலைமை கடினம். ஆல்புமின் குறைந்துவிட்டது என்றதும், "சரியாகச் சாப்பிட வைக்கவில்லையே" என்று வீட்டார் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு கொடுப்பது நல்லதுதான். ஆனால் அழற்சி அடங்காதவரை சாப்பாட்டால் மட்டும் அந்த எண்ணை ஏற்றிவிட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய அறிக்கைகளை எடுத்துவைத்து யாரும் வகுத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். கீமோவோடு தரப்படும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். வெள்ளணுவைக் கூட்டப் போடும் ஊசியும் அப்படியே கணக்கைக் குழப்பும். சாதாரண நெஞ்சுச் சளியே போதும், விகிதமும் சிஆர்பியும் எகிற. சிகிச்சை தொடங்கும் முன், வேறு தொற்று இல்லாதபோது எடுத்த ரத்தத்துக்கே மதிப்பு அதிகம். அப்போதும் அது பலருடைய சராசரியிலிருந்து வந்த கணிப்பு. கட்டியின் வகையையும் நிலையையும் ஒதுக்கிவிட்டுத் தனி ஒருவருக்கு நாள் குறிக்க அதனால் ஆகாது.

அழற்சியை அடக்கினால் ஆயுள் நீளுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்களிடம் கனகினுமாப் என்ற அழற்சித் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த கான்டோஸ் ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கண்கூடாகக் குறைந்திருந்தது. அந்த நம்பிக்கையில், ஏற்கெனவே நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்தார்கள். கேனோபி என்ற அந்தச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.