கல்லீரல் கட்டிக்குள் ரத்தம் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது?

பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போனவரின் ரிப்போர்ட்டில், 'கல்லீரலில் 3 செ.மீ. கட்டி' என்று கேட்காத ஒரு வரி வந்து நிற்கும். கல்லீரல் நோய் எதுவும் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் சாதுவான கட்டிதான். ஆனால் சாதாரண அல்ட்ராசவுண்டில் சாதுவானதும் புற்றுநோயும் சில நேரம் ஒரே மாதிரி சாம்பல் வட்டமாகத் தெரியும். உள்ளே ரத்தம் ஓடும் விதம்தான் இரண்டையும் பிரிக்கிறது. அதைக் காட்டுவது கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்.

இதற்காகக் கை நரம்பில் ஏற்றுவது நுண்ணிய வாயுக் குமிழிகளை. பரவலாகப் பயன்படும் சோனோவியூ மருந்தில் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவும் அதைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறையும் இருக்கும். குமிழியின் சராசரி விட்டம் 2.5 மைக்ரான்; சிவப்பணுவுக்கோ 7, 8 மைக்ரான். அதனால் மிகச் சிறிய ரத்தக் குழாயிலும் இவை நுழைந்துவிடும், ஆனால் குழாயை விட்டு வெளியே கசியாது. சி.டி., எம்.ஆர்.ஐ.க்குத் தரும் வழக்கமான மருந்துகள் திசுக்களுக்குள் கசிந்துவிடும். நரம்பில் காற்று ஏறினால் ஆபத்தாயிற்றே என்று தோன்றலாம். வழக்கமாகத் தரும் 2.4 மி.லி.யில் உள்ள வாயு ஒரு சொட்டு அளவுகூட இல்லை. சில நிமிடங்களில் மூச்சோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை.

குமிழியை மட்டும் கருவி எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? ஒலியலை தாக்கும்போது குமிழி சுருங்கி விரிகிறது, ஆனால் சுருங்கும் அளவும் விரியும் அளவும் ஒன்றல்ல. திசு அப்படியில்லை, வந்த அலையை ஏறக்குறைய அதே வடிவில் திருப்பி அனுப்புகிறது. கருவி முதலில் ஒரு துடிப்பையும், அடுத்து அதையே தலைகீழாக்கியும் அனுப்புகிறது. இரண்டு எதிரொலிகளையும் கூட்டினால் திசுவின் பங்கு அடிபட்டுப்போய், குமிழியின் பங்கு மட்டும் மிஞ்சும். எளிமையான கணக்கு, ஆனால் என்ன அழகு! ஒலியின் வலுவை மட்டும் குறைத்து வைக்க வேண்டும், கூடினால் குமிழிகள் உடைந்துவிடும்.

சரி, திரையில் என்ன தெரியும்? கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது: கால் பங்கு தமனியில், முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில். ஊசி போட்ட 10 முதல் 20 விநாடிக்குள் தமனி ரத்தம் வெளிச்சமாக வந்து சேரும். அரை நிமிடம் தாண்டியதும் போர்ட்டல் ரத்தம் வரும். 2 நிமிடத்துக்குப் பிறகு பார்ப்பது கடைசிக் கட்டம்.

சாதுவான கட்டிகளில் அதிகம் காணப்படும் ஹெமாஞ்சியோமா, ரத்தம் மெதுவாக நகரும் சிறு அறைகளின் கூட்டம். முதலில் ஓரத்தில் திட்டுத் திட்டாக வெளிச்சம் வரும், அப்புறம் மெல்ல மையத்தை நோக்கி நிறையும். எஃப்.என்.எச். (ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா) எனப்படும் இன்னொரு சாதுவான கட்டியில் நடப்பது நேர் எதிர். நடுவில் நுழையும் தமனியிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரங்கள் போல வெளிப்பக்கம் விரியும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். சி.டி. குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டுமே படம் எடுப்பதால் இந்தத் திசையைத் தவறவிடக்கூடும். அல்ட்ராசவுண்டிலோ இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கடைசிக் கட்டத்தில் இந்த இரண்டும் சுற்றியுள்ள கல்லீரல் அளவுக்கோ அதற்கு மேலோ பிரகாசமாக நிற்கும். புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் வெளிச்சம் வடிந்து இருண்டுவிடும். குடலிலிருந்தோ வேறு உறுப்பிலிருந்தோ பரவி வந்தவை ஒரு நிமிடத்துக்குள்ளேயே இருண்டுவிடுவது வழக்கம். கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் தாமதமாக, லேசாக இருளும்.

இந்தப் பரிசோதனையைத் திணறவைப்பது அடினோமா. கருத்தடை மாத்திரையோடு தொடர்புள்ள இந்தக் கட்டி சாதுவானதுதான், ஆனால் வெடித்து ரத்தம் கசியலாம், அரிதாகப் புற்றாகவும் மாறலாம். கடைசிக் கட்டத்தில் இதுவும் சில சமயம் இருண்டுபோகும். அப்போது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், தேவைப்பட்டால் கட்டியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. கட்டி மிக ஆழத்தில் இருந்தாலோ, கல்லீரலில் கொழுப்பு அதிகமாக இருந்தாலோ ஒலியே அங்கே சரியாகப் போய்ச் சேராது.